முகம் இல்லாத கட்டங்கள்

யாராவது பேச வாயெடுத்தால் எங்கள் ஆபீஸ் மேடம் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பேசுகிறவரின் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க மாட்டார். டீக்குச் சீனி எவ்வளவு என்று கேட்கப் போன என்னிடமும் அப்படித்தான். முதல் நாள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு டீக்காக ஓர் ஆள் வேலையை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்தால், கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எப்படியோ கேட்டு முடித்தேன்.

"அர சீனி போதும்ண்ணே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் ஆபீசை விட்டுப் போகும்வரை அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியாது. சென்னை என்று ஒருவர் சொன்னார், வெளிநாடு என்று இன்னொருவர் சொன்னார். முப்பது வயதுக்கு இரண்டொன்று கூட இருக்கலாம். கிறிஸ்தவப் பிள்ளை. அவர் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கழுத்தில் மெல்லிய செயின், கையில் கருப்பு வார் வாட்ச், காலில் எப்போதும் ஒரே செருப்பு. இப்படிச் சொன்னால் மதுரையில் பாதிப் பெண்கள் வந்து நிற்பார்கள். மடியில் வைத்த அந்தக் கைகளைச் சொன்னால்தான் அவர் வருவார்.

எங்கள் ஆபீஸ் கே.கே. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. கீழே பல் பிடுங்குகிற சத்தம், மேலே மொபைல் ஆப் எழுதுகிறவர்கள். கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் கேன் மாற்றுவது, டீ, மதியச் சாப்பாடு, கூரியர் எல்லாம் நான். யாரும் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வேன். நானாகப் பேசுகிற வழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே கிடையாது.

ஆபீசில் அவரை எல்லோரும் கேலி செய்வார்கள், அவரும் சிரிப்பார். முக்கியமான கேலி, போன் விஷயம். தினமும் பதினொரு மணி டீ நேரத்தில் அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போவார். "ம்... சொல்லுங்க" என்பார். பிறகு பேச்சே இருக்காது. டீ ஆறிப்போகும். போன் காதிலேயே இருக்கும். வெகு நேரம் கழித்து "சரி, வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி வைப்பார்.

"மாப்ள, மேடத்தோட ஆளு மூச்சு மட்டுந்தான் விடுவாரு போல" என்று டிசைன் போடுகிற தம்பி பக்கத்து மேசைக்காரனிடம் சொல்வான்.

"மூச்சுக்கே இம்புட்டு நேரம் நின்னா, பேச்சு வந்துச்சுன்னா ஆபீசுக்கே வர மாட்டாங்கடா."

அந்தப் பக்கம் இருந்தது அவருடைய அப்பா. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். ஒரு வார்த்தை வெளியே வர அவ்வளவு நேரமாகும். வீட்டில் மற்றவர்கள் "என்ன, என்ன" என்று கேட்பார்களாம். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில நாள் பாதியிலேயே அழுதுவிடுவாராம். இதை மேடம் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

"ஒருத்தர ரெண்டாந்தடவ சொல்ல வைக்கிறது பாவம்ண்ணே. அவங்களுக்கு அது எம்புட்டுக் கஷ்டம்னு நமக்குத் தெரியாது."

அவர் சொன்ன கஷ்டம் எனக்குத் தெரியும் என்று அப்போது அவரிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரி ஐப்பசி மழையில் காணாமல் போனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சில வருடங்களாகவே அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. மாத்திரை போட்டால் நன்றாக இருப்பாள், சமைப்பாள், பேசுவாள். அன்று காலையும் நன்றாகத்தான் இருந்தாள். சாயந்திரம் திருநகர் வீட்டுக்குத் திரும்பினால் கதவு திறந்து கிடந்தது. ஊறப்போட்ட அரிசி அப்படியே இருந்தது. அவள் செருப்பு வாசலில் கிடந்தது.

திருப்பரங்குன்றத்துக் கோயிலைச் சுற்றித் தேடினேன். பஸ் ஸ்டாண்டுகளில் தேடினேன். அவளுக்குப் பிறந்த ஊர் எழுமலை, அங்கே போனேன். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"சண்டையா?"

"இல்லங்கய்யா."

"கை நீட்டுனியா?"

"இல்லங்கய்யா."

"வேற யாருகூடயும் பழக்கம் உண்டா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்ததும், "அந்த ஐயாகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அந்த ஐயா சண்டையா என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் இன்னொருவர். ஆதரவற்றோர் இல்லங்களில் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர். ஒவ்வொரு தடவையும் என் பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை என்று முன்பின் தெரியாத ஆளிடம் என் வாயால் சொல்ல வேண்டும். நடுத்தெருவில் நிறுத்தி வேட்டியை உருவியது போல இருக்கும். சில இல்லங்களின் வாசல்வரை போய், உள்ளே போய்க் கேட்க வாய் வராமல் திரும்பியிருக்கிறேன்.

அப்படி நுழைந்த ஓர் இல்லத்தில் சுவரில் பெரிய பலகை இருந்தது. அங்கே இருக்கிறவர்களின் போட்டோக்களை வரிசையாக ஒட்டி, கீழே நம்பர் போட்டிருந்தார்கள். நடுநடுவே சில இடங்களில் நம்பர் மட்டும் இருந்தது, போட்டோ இல்லை.

"இதுல ஏன் படம் இல்ல?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"அதெல்லாம் போய்ச் சேந்த ஆளுக. ஆளு போனதும் படத்தக் கிழிச்சுருவோம்" என்றார்.

அந்த வருடம் எங்கள் ஆபீசுக்கு ஒரு டிரஸ்ட்டிலிருந்து வேலை வந்தது. சுற்று வட்டார மாவட்டங்களில் உள்ள இல்லங்கள் எல்லாம் தங்களிடம் இருக்கும் ஊர் பேர் தெரியாதவர்களின் படங்களை ஒரே இடத்தில் ஏற்ற வேண்டும். வீட்டாரைத் தேடுகிறவர்கள் தங்கள் போனிலேயே பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஆப். அதில் தேடுகிற பக்கத்தை எழுதும் வேலை மேடத்துக்கு வந்தது. கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது. எல்லோருக்கும் சோதித்துப் பார்க்க அனுப்பிய ஆப்பை நானும் என் போனில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடிப் படியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தேடுவேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்ட வேண்டும். பெண். நாற்பத்தைந்து வயது. மாநிறம். ஒல்லி. மதுரை. கீழே முகங்கள் வரும். தள்ளத் தள்ள முகங்கள். பெரிய பெரிய படங்கள். கொஞ்சம் தள்ளியதும் போன் சூடாகும், திணறும், பட்டென்று ஆப் மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் எழுதும் இடம் காலியாக இருக்கும். பெண். நாற்பத்தைந்து வயது. மாநிறம். மறுபடியும் அதே முதல் முகங்கள். அதே இடத்தில் மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தவர்களை நான் பார்த்ததே இல்லை. அவள் அங்கே கீழே எங்கோ இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஸ்டேஷனில் அந்த ஐயாவிடம் போ, இந்த ஐயாவிடம் போ என்று விரட்டியதையே போனும் செய்தது.

ஒரு நாள் அவர் காயப்போட்ட குடையை எடுக்க மேலே வந்திருக்கிறார். எனக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இப்ப என்னாச்சுண்ணே?"

நான் எழுந்துவிட்டேன். "ஒண்ணுமில்ல மேடம். போன் பழசு. மூடிக்கிரும்."

"எப்பலருந்து?"

"மொதல்லருந்தே."

"மூடுனா?"

"திரும்ப எழுதுவேன்."

அவர் என் போனைப் பார்த்தார். "யாரத் தேடுறீங்க?"

தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தத் தூசிப் படியிலேயே உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. நான் முடித்தபோது, "அக்கா படம் இருக்கா?" என்றார். எங்கள் கல்யாணப் படத்தைப் போனில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பிறகு அவளைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. எல்லாம் அவருக்குள் ஏறிவிட்டது.

"இந்தப் போன கொஞ்ச நாள் என்கிட்டக் குடுங்க. சிம்மக் கழட்டி என் பழைய போன்ல போட்டுத் தாரேன். யாராச்சும் கூப்பிட்டா வரணும்ல" என்றார்.

அன்றிலிருந்து என் போன் அவர் மேசையில் வயர் மாட்டிக் கிடந்தது. டீ கொண்டு போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். கம்ப்யூட்டரில் சிவப்பு வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

"போன் நம்மகிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருக்குண்ணே" என்று ஒரு நாள் அவராகவே காட்டினார். "எடம் கொறையுது, உனக்கு வேண்டாதத விடுன்னு எச்சரிக்க குடுக்குது. ஒரு தடவ இல்ல, பல தடவ. நான் எழுதுன ஆப் அதக் காதுலயே வாங்கல. பாத்து முடிச்ச மூஞ்சி அம்புட்டையும் புடிச்சுக்கிட்டு நிக்கிது. கடைசில போன் என்ன பண்ணும்? கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருது."

முதலாளிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. டிரஸ்ட்டில் நாள் குறித்துவிட்டார்கள், அந்தப் பயம் அவருக்கு.

"நம்ம ஆபீஸ் போன் எல்லாத்துலயும் நல்லாத்தானம்மா ஓடுது?"

"நம்ம யாரும் யாரையும் தேடலையே சார்."

"பழைய போனுக்கெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா நாம எப்பக் குடுக்குறது? புதுசு வாங்கட்டும்மா. இப்பத் தவணைலயே தர்றான்."

"ஆளத் தொலச்சவங்க தவண கட்டிட்டு வந்து தேடணுமா சார்?"

டிசைன் தம்பி திரையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டான். முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கு என் கதை தெரியாது, சும்மாதான் பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சில நாட்களில் போன் என் கைக்குத் திரும்பி வந்தது. எச்சரிக்கை வந்ததும் ஆப் தன் கையிலிருக்கும் படங்களை விட்டுவிடும்படி மேடம் மாற்றியிருந்தார். எழுதியதை மட்டும் விடாது. பார்த்துக்கொண்டிருந்த இடத்தையும் விடாது. "படத்த எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கிக்கலாம்ண்ணே. நீங்க எழுதுனத எங்க போய் வாங்குறது?" என்றார். நான் அவர் முன்னாலேயே எழுதி, தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வழக்கமாக மூடும் இடத்தைத் தாண்டிப் போனது. புது முகங்கள். நான் பார்க்காத முகங்கள். அவர் சிரித்தார். அன்றைக்கு அவருக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சூடாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ஆப் டிரஸ்ட்டுக்குப் போய்விட்டது. பல ஊர்களில் ஜனங்கள் அதைத் தங்கள் போனில் போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். நானும் தினமும் தேடினேன். எத்தனையோ பெண்கள். மொட்டையடித்தவர்கள், சிரிக்கிறவர்கள், கேமராவைப் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டவர்கள். அவள் இல்லை. மார்கழி போனது, தை போனது. எழுமலையிலிருந்து அவள் தம்பி வந்து, "மாமா, இனி அக்காவுக்கு ஒரு வெளக்க ஏத்தி வச்சுருவோம்" என்றான். அவள் செத்துப்போயிருப்பாள் என்ற நினைப்பு என் மனசிலும் நுழைந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மதியம் சோறு இறங்குவதில்லை. பழகிப்போனதால் விரல் மட்டும் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

சித்திரையில் ஒரு மதியம் அவர் ஏதோ சொல்ல மாடிப்படிக்கு வந்தார். வந்தவர் சொல்லாமல் நின்றார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தேடுறேன் மேடம்."

"இல்ல, இப்ப நெஞ்சுல கை வச்சீங்கல்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனைக் காட்டினேன். முகங்களுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறக் கட்டம். கீழே, பெண், பெயர் தெரியவில்லை என்று மட்டும். அப்படி நிறைய வரும். அவர் திருத்திக் கொடுத்ததிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

"போய்ச் சேந்தவங்க மேடம். படத்த எடுத்துட்டாங்க. அதான் ஒரு கும்பிடு போட்டுட்டுத் தாண்டிப் போறேன்."

அவர் போனின் மேல் குனிந்தார்.

"என்ன சொன்னீங்க?"

இரண்டாம் தடவை சொல்லச் சொல்லி அவர் ஒருவரைக் கேட்டதை நான் பார்த்தது அப்போது மட்டும்தான். நான் மறுபடி சொன்னேன். பலகையைச் சொன்னேன், வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னேன். அவர் படியில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்க யாரும் சாகலண்ணே."

எனக்குப் புரியவில்லை.

"படத்த எடுத்தது நான். எடம் கொறஞ்சா எல்லாப் படத்தையும் விட்டுருன்னு நாந்தான் எழுதுனேன். எடம் கெடச்சதும் படம் திரும்ப வந்துரும்னு நெனச்சேன். எங்க மேசைல வந்துச்சு. என்கிட்ட இருந்தப்ப உங்க போன்ல நம்ம ஆப்பத் தவிர ஒண்ணுமே ஓடல. எல்லாத்தையும் மூடி வச்சிட்டுல்ல பாத்தேன்." என் கையிலிருந்த போனை வாங்கினார். சாமி பாட்டு, சொந்தக்காரர்கள் அனுப்பிய வீடியோ, பஸ் பார்க்கிற ஆப் எல்லாம் அதில் இருந்தன. "இதுக்கு எடமே கெடைக்கல. கட்டம் கட்டமாவே நின்னுருச்சு. எழுதுனது போகக் கூடாதுன்னே பாத்தேன். மூஞ்சி போச்சுன்னா என்ன நெனப்பாங்கன்னு..."

மேலே பேச்சு வரவில்லை. அவர் அப்பாவுக்கு வார்த்தை வராமல் நிற்குமே, அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தன பேரு இந்த மாதிரிக் கும்பிட்டுட்டுப் போயிருப்பாங்கண்ணே?"

நான் கும்பிட்டுத் தாண்டிய கட்டங்கள் என் கண்ணுக்குள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நெஞ்சைத் தொட்டு, நல்ல பிள்ளையாகத் தாண்டி வந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் கீழே போனார். முதலாளி அறைக்குள் சத்தம் கேட்டது. டிரஸ்ட்டுக்குக் கொடுத்த பிறகு இப்படி ஒரு பிழை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று முதலாளி கேட்டார். "என் தப்புன்னே சொல்லிருங்க சார்" என்று அவர் சொன்னது வாசல்வரை கேட்டது. "ஆனா இன்னைக்கே சொல்லிருங்க. ஜனங்க திரும்பப் பாக்கணும்." முதலாளி போனை எடுத்தார்.

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் மேடம் டீயே குடிக்கவில்லை. வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும், எடுத்து ஊற்றுவேன். பதினொரு மணிக்கு அப்பாவிடம் பேசுவதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் நகத்தளவு சிறிய படம் ஒன்று செய்து, இடம் எவ்வளவு குறைந்தாலும் அதை மட்டும் விடாதபடி மாற்றினார். இடம் மிச்சமாகட்டும் என்று திரையின் மேலே ஓடிக்கொண்டிருந்த டிரஸ்ட்டின் அடையாளப் படத்தைத் தூக்கினார். டிசைன் தம்பி ஆசையாகச் செய்திருந்த பின்னணியைத் தூக்கினார்.

"மேடம், மொட்டச் சுவரு மாதிரி ஆயிருச்சு" என்றான் அவன்.

"ஆகட்டும்."

"சார் வைவாரு."

"மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது."

"போதும்டா."

சிறிய படமும் வர நேரமானால், கட்டத்துக்குள் 'இவர் இருக்கிறார், படம் வந்துகொண்டிருக்கிறது' என்று எழுத்து வரும்படி வைத்தார். அந்த வரியை எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இவர் இருக்கிறார். நான் தலையாட்டினேன்.

ஒரு பிற்பகல் புது ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை எதையும் மூடி வைக்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று முதலிலிருந்து தள்ளினேன். முன்பு கும்பிட்ட இடங்களில் எல்லாம் முகங்கள். முதலில் மங்கலாக வரும், பிறகு தெளியும். வெற்றிலை போட்ட வாய், கண்ணாடி போட்ட கிழவி, சின்னப் பெண் ஒருத்தி. எல்லோரும் உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

வெகு தூரம் தள்ளிய பிறகு ஒரு முகம் மங்கலாக வந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தெளிவாவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

போனை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கி அந்த முகத்தைத் தொட்டார். பக்கம் விரிந்தது. பெரிய படம், இல்லத்தின் பெயர், இடம், சேர்த்த தேதி, போன் நம்பர் எல்லாம் வந்தன. விருதுநகர் ரோட்டில், திருமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த இல்லம். பெயரையும் இடத்தையும் நம்பரையும் எனக்கு வாய்விட்டுப் படித்தார். சேர்த்த தேதியை மட்டும் படிக்கவில்லை. அவரே கூப்பிட்டார். நான் யார், அவள் யார், என்ன மாத்திரை சாப்பிட்டாள், எந்த மாதம் போனாள், எழுமலை, திருநகர், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். என் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை போனேன். ரோட்டிலிருந்து கருவேலங்காட்டுக்குள் மண்பாதை. அந்த ரோட்டில் கூரியர் வேலையாக நான் அந்த மாதங்களில் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். சமையல்கார அம்மா ஒருவர் என்னை உள்ளே கூட்டிப் போனார்.

"மழைக்குள்ள நனஞ்சு வந்து நின்னுச்சு. பேச்சே இல்ல. வந்த புதுசுல பகல் பூரா வாசல் கேட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கும். உள்ள வா தாயின்னா வராது. யாரோ வருவாகன்னு பாத்துச்சு போல. பொங்கலுக்கு அப்புறம் விட்டுருச்சு. இப்ப அந்தப் பக்கமே போறதில்ல" என்றார்.

அவள் பின்புறம் வேப்பமர நிழலில் மற்றவர்களோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் முன்னால் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பஸ்ஸு கெடைக்கலையா?"

ஆமா என்றேன். எழுந்து வந்தாள்.

நான்கைந்து நாட்கள் கழித்துத்தான் ஆபீசுக்குப் போனேன். விஷயம் தெரிந்து டிசைன் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டான். முதலாளி எழுந்து வந்து தோளைத் தட்டினார், லட்டு வாங்கி வரச் சொன்னார், பிறகு என்னைப் போகச் சொன்னது தப்பு என்று தம்பியை அனுப்பினார். மேடம் மட்டும் தன் இடத்திலேயே இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். மேசை மேல் மூன்று நான்கு பழைய போன்கள் புதிதாகக் கிடந்தன. யாரிடமெல்லாமோ கேட்டு வாங்கியிருக்கிறார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

டீ கொண்டு போனேன். வைத்துவிட்டுத் திரும்பவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கைகளை எடுக்கப் போனார். அதற்குள் நானே பேசிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது.

"மேடம், அவள அங்க போன வாரந்தான் கொண்டாந்து விட்டாங்களாம். அதுக்கு முன்னாடி எங்கெங்கயோ இருந்திருக்கா. அதனால முன்னாடி தேடியிருந்தாலும் கெடச்சிருக்க மாட்டா."

அவ்வளவு நீளமாக நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"சரிண்ணே" என்றார்.

அவர் கையில் ஒரு போன் இருந்தது. என் வீட்டுக்காரியின் பக்கம்தான் அதில் திறந்திருந்தது. வெட்டிய முடியும் ஒட்டிய கன்னமும் தெரிந்தன. இல்லத்தின் பெயர் தெரிந்தது, நம்பர் தெரிந்தது. அவற்றுக்கு நடுவில் அவளைச் சேர்த்த தேதி இருக்கிற வரியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வரும்வரை அந்த விரலை அவர் எடுக்கவில்லை.